கல்யாணமான பெண்ணுக்கு வேலை இல்லை என்று தனியார் நிறுவனம் சொல்ல முடியுமா?

தொழிற்பேட்டைப் பக்கம் பேருந்து நிறுத்தங்களில் ஒட்டியிருக்கும் வேலை அறிவிப்புகளைப் பார்த்திருப்பீர்கள். "பெண்கள் தேவை. வயது 18 முதல் 25 வரை. திருமணம் ஆகாதவர்கள் மட்டும். உணவு, தங்குமிடம் இலவசம்." கீழே ஒரு செல்பேசி எண், அவ்வளவுதான். பார்க்க நாலு வரிதான், ஆனால் பணியிடப் பாகுபாட்டைப் பற்றிய இந்தியச் சட்டத்தின் குழப்பம் முழுவதும் அதற்குள் அடங்கியிருக்கிறது.

2024 ஜூன் மாதம் ராய்ட்டர்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுக்காமல் ஒதுக்குகிறார்கள் என்று அதில் இருந்தது. நிறுவனம் மறுத்தது, புதிதாகச் சேர்ந்தவர்களில் திருமணமான பெண்களும் இருக்கிறார்கள் என்றது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தைக் காட்டித் தமிழ்நாட்டுத் தொழிலாளர் துறையிடம் அறிக்கை கேட்டது. வேலை விளம்பரங்களில் வயது, பால், திருமண நிலை எதையும் குறிப்பிட வேண்டாம் என்று ஆள் சேர்ப்பு முகவர்களிடம் நிறுவனம் சொல்லிவிட்டதாக அதே ஆண்டின் பிற்பகுதியில் இன்னொரு செய்தியும் வந்தது.

அப்போது இரண்டு விதமாகப் பேசிக்கொண்டார்கள். தனியார் கம்பெனி, யாரை எடுப்பது என்பது அவர்கள் விருப்பம் என்றார்கள் சிலர். இது அரசமைப்புச் சட்டத்துக்கே விரோதம் என்றார்கள் வேறு சிலர். இரண்டுமே சரியில்லை. போதாக்குறைக்கு, அமைச்சகம் எந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்டதோ அந்தச் சட்டமே இப்போது இல்லை. 2025 நவம்பர் 21 அன்று, பழைய தொழிலாளர் சட்டங்களை ஒன்றுசேர்த்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோது சம ஊதியச் சட்டம் ரத்தாகி, அதன் சாரம் ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. ஆகவே நிறுவனம் நடத்துகிறவர்களும் எச்.ஆர். பொறுப்பில் இருப்பவர்களும் பழைய நினைவை வைத்துக்கொண்டு பேசாமல், ஆரம்பத்திலிருந்து ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

அரசமைப்புச் சட்டம் யாரைக் கட்டுப்படுத்தும்?

சமத்துவம் என்றதும் எல்லோருக்கும் 14, 15, 16 ஆகிய பிரிவுகள்தான் நினைவுக்கு வரும். சட்டத்தின் முன் அனைவரும் சமம், மதம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றின் பேரில் வேற்றுமை கூடாது, அரசு வேலையில் சம வாய்ப்பு. ஆனால் இவை முக்கியமாக அரசைப் பார்த்துச் சொல்லப்பட்டவை. அரசு என்றால் என்ன என்று பிரிவு 12 சொல்கிறது: மத்திய மாநில அரசுகள், நாடாளுமன்றம், சட்டமன்றங்கள், உள்ளாட்சி அமைப்புகள், அரசின் பிடியில் இருக்கும் நிறுவனங்கள். அம்பத்தூரில் நாற்பது பேரை வைத்துப் பட்டறை நடத்துகிறவர் இந்தப் பட்டியலில் வரமாட்டார்.

தீண்டாமையை ஒழிக்கும் பிரிவு 17 தனிமனிதர்களையும் கட்டும். கடை, உணவகம், கிணறு, குளம் இவற்றில் நுழையத் தடை போடக் கூடாது என்னும் 15(2)-உம் அப்படித்தான். மற்றபடி, "எனக்குச் சமத்துவ உரிமை இருக்கிறது, என்னை ஏன் எடுக்கவில்லை" என்று ஒரு தனியார் நிறுவனத்தின் மேல் நேராக உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு (அடிப்படை உரிமைக்காகப் போடும் மனு) போட்டால் அது நிற்பது கடினம்.

அப்படியானால் தனியார் துறைக்கு நாடாளுமன்றம் தனியாகச் சட்டம் போட வேண்டும். பிரிட்டனில் 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் என்று ஒரே சட்டம் எல்லாக் காரணங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. அமெரிக்காவில் 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் இருக்கிறது. இந்தியாவில் அப்படி ஒன்று இல்லை. வேலையில் பாகுபாடு கூடாது என்னும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 111-ஆம் உடன்படிக்கையை நாம் 1960-லேயே ஏற்றுக்கொண்டோம். எம்.பி. சசி தரூர் பாகுபாட்டைத் தடுக்க 2017-இல் மக்களவையில் ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. இன்றைக்கும் நம்மிடம் இருப்பவை துண்டு துண்டான சட்டங்கள்தான். பெண்ணுக்கு ஒன்று, மாற்றுத்திறனாளிக்கு ஒன்று, திருநருக்கு (திருநங்கை, திருநம்பி) ஒன்று, எச்.ஐ.வி. உள்ளவருக்கு ஒன்று. ஒவ்வொன்றும் வேறு வேறு ஆண்டில், வேறு வேறு அளவுகோலோடு வந்தது.

அதனால் எந்தப் புகார் வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: எந்தக் காரணத்துக்காக வேற்றுமை காட்டப்பட்டது, எந்தக் கட்டத்தில் (ஆள் எடுக்கும்போதா, சம்பளத்திலா, பதவி உயர்விலா, வேலையை விட்டு நீக்கும்போதா), அந்த நிறுவனத்தில் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள்.

பாகுபாடு என்று எதைச் சொல்கிறோம்?

ஆள் எடுக்கும்போது ஒருவரை எடுத்து ஒருவரை விடுவது இயல்பு. வெல்டிங் தெரிந்தவரை எடுத்துத் தெரியாதவரை விடுவது பாகுபாடு ஆகாது. வேலைக்குச் சம்பந்தமில்லாத, அந்த மனிதரால் மாற்றிக்கொள்ள முடியாத அல்லது மாற்றச் சொல்லக் கூடாத ஒன்றை வைத்து ஒதுக்குவதுதான் பாகுபாடு. அதில் மூன்று வகை உண்டு.

1. நேரடியானது. "பெண்கள் வேண்டாம்", "திருநங்கைகள் வேண்டாம்" என்று முகத்துக்கு நேரே சொல்வது. இதைக் கண்டுபிடிப்பது எளிது.

2. மறைமுகமானது. விதி எல்லோருக்கும் ஒன்றுதான், ஆனால் அடி ஒரு தரப்புக்கு மட்டும் விழும். ராணுவப் பெண் அதிகாரிகள் வழக்கில் 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாக விளக்கியது. நிரந்தரப் பணிக்கு ஆண்களை இளம் வயதிலேயே பரிசீலித்துவிட்டார்கள். பெண்களுக்குப் பல ஆண்டுகள் அந்த வாய்ப்பே இல்லாமல் இருந்து, நீதிமன்றம் சொன்ன பிறகு, நாற்பதைத் தாண்டியவர்களையும் அதே உடல்தகுதி அளவுகோலால் அளந்தார்கள். தாளில் பார்த்தால் சமம். விளைவில் பாகுபாடு என்றது நீதிமன்றம்.

3. ஏற்பாடு செய்ய மறுப்பது. இது மாற்றுத்திறனாளிகள் விஷயத்தில் வரும், கீழே பார்க்கலாம்.

சித்தாள், பெரியாள்: ஊதியத்தில் சட்டம் என்ன கேட்கிறது

நம் ஊர்க் கட்டட வேலையில் கொத்தனாருக்குக் கையாளாக நிற்கும் ஆண் பெரியாள், பெண் சித்தாள். பெயரே கூலியைச் சொல்லிவிடும். பெரியாளுக்கு ஒரு கூலி, சித்தாளுக்கு அதைவிடக் குறைவு. கேட்டால், பெரியாள் மூட்டை தூக்குகிறார், கலவை போடுகிறார், சித்தாள் சும்மா எடுத்துக் கொடுப்பதுதானே என்பார்கள். ஆனால் ஒரு முழு நாள் தளத்தில் நின்று பாருங்கள். செங்கல்லைத் தலையில் அடுக்கிக்கொண்டு சாரத்தில் ஏறுவது சித்தாள்தான். மணல் சலிப்பதும், பாண்டு பாண்டாகக் கலவையைக் கொண்டுபோய்க் கொட்டுவதும், கடைசியில் தளத்தைக் கூட்டித் தண்ணீர் விடுவதும் அவர்தான்.

இந்த மாதிரி வேலைகளைத்தான் சட்டம் "ஒரே வேலை அல்லது ஒத்த தன்மையுள்ள வேலை" என்ற அளவுகோலால் பார்க்கிறது. தேவைப்படும் திறமை, உழைப்பு, அனுபவம், பொறுப்பு இந்த நான்கும், வேலை செய்யும் சூழலும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், சின்னச் சின்ன வித்தியாசங்களைக் காட்டிக் கூலியைக் குறைக்க முடியாது. பதவிப் பெயர் வேறாக இருப்பதும் பதிலாகாது. மும்பைக் கப்பல் நிறுவனமான மெக்கின்னன் மெக்கன்சி தன் பெண் சுருக்கெழுத்தாளர்களுக்கு ஆண்களைவிடக் குறைத்துக் கொடுத்தது. தொழிற்சங்கத்தோடு போட்ட ஒப்பந்தப்படிதான் கொடுத்தோம் என்று வாதிட்டது. 1987-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, நிறுவனத்தின் பணவசதியைப் பொறுத்து இந்தச் சட்டம் பொருந்துவதும் பொருந்தாததும் அமையாது என்றும் சொல்லிவிட்டது. "எங்களுக்குக் கட்டுப்படியாகாது" என்ற பதில் அன்றோடு முடிந்தது.

புதிய ஊதியச் சட்டத் தொகுப்பின் பிரிவு 3 இதே கொள்கையை வைத்திருக்கிறது. மாறியவை சில உண்டு, அவற்றில் நிறுவனங்களுக்குச் சாதகமானவையும் உண்டு, பாதகமானவையும் உண்டு.

1. பழைய சட்டம் ஆண், பெண் என்று பேசியது. புதியது ஊதியத்தில் "பாலினம்" என்ற பொதுச்சொல்லைப் போடுகிறது.

2. இது மட்டும் மாறவில்லை: சம்பளத்தைச் சமமாக்குகிறேன் என்று சொல்லி, கூடுதலாக வாங்குபவருக்குக் குறைக்க முடியாது. குறைவாக வாங்குபவருக்குத்தான் ஏற்ற வேண்டும்.

3. ஊதியப் பாக்கிக்கு உரிமை கோர இப்போது மூன்று ஆண்டு அவகாசம். அதிகாரி, பாக்கியோடு சேர்த்து அதைப்போல் பத்து மடங்கு வரை இழப்பீடும் விதிக்கலாம். சரியாகக் கொடுத்தோம் என்று காட்ட வேண்டிய பொறுப்பு நிறுவனத்துடையது.

4. குறைத்துக் கொடுத்ததற்கான அபராதம் 50,000 ரூபாய் வரை. ஐந்து ஆண்டுக்குள் மறுபடி செய்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

5. ஆள் எடுப்பதில் காட்டும் பாகுபாட்டுக்குப் பழைய சட்டத்தில் முதல் முறைக்கே சிறை விதிக்க வழி இருந்தது. இப்போது முதல் முறை என்றால் 20,000 ரூபாய் வரை அபராதம் மட்டுமே. அதுவும் வழக்குப் போடுவதற்கு முன், திருத்திக்கொள்ள எழுத்தில் அவகாசம் தர வேண்டும்.

இந்த ஐந்தாவது மாற்றம் எனக்குக் கவலை தருகிறது. பல்லாயிரம் பேர் வேலை பார்க்கும் ஆலைக்கு 20,000 ரூபாய் ஒரு பொருட்டே இல்லை. இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. குற்ற வழக்கு தொடரப் புகார் கொடுக்கக்கூடியவர்கள் என்று சட்டம் சொல்வது அரசு, ஆய்வாளர், பணியாளர், பதிவு பெற்ற தொழிற்சங்கம் ஆகியோரை. வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்ட பெண் இன்னும் "பணியாளர்" ஆகவில்லையே! அவர் தொழிலாளர் துறையில் மனு கொடுக்கலாம், ஆய்வாளர் மனம் வைத்தால் நகரும்.

திருமண நிலை: சட்டத்தில் இல்லாத சொல்

சரி, நாம் தொடங்கிய கேள்விக்கு வருவோம். ஊதியச் சட்டத் தொகுப்பின் பிரிவு 3 முழுவதையும் படித்தாலும் "திருமணம்" என்ற சொல் கிடைக்காது. இதை வைத்துத்தான் சில ஆலோசகர்கள், பால் வேற்றுமைதான் தடை, திருமண நிலைக்குத் தடை இல்லை என்று நிறுவனங்களுக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். அந்த ஆலோசனை ஆபத்தானது. ஏன் என்று படிப்படியாகப் பார்ப்போம்.

1. வாசலில் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒரே ஐ.டி.ஐ. படிப்பு, ஒரே வயது, இரண்டு பேருக்கும் கல்யாணமாகிவிட்டது. ஆணை எடுத்துப் பெண்ணை அனுப்பிவிட்டால், அவர்களுக்குள் மீதம் இருக்கும் ஒரே வித்தியாசம் பால்தான். ஆள் எடுப்பதில் பால் வேற்றுமை கூடாது என்று பிரிவு 3 நேராகவே சொல்கிறது.

2. கல்யாணமான ஆண், பெண் இருவரையுமே எடுப்பதில்லை என்று ஒரு நிறுவனம் சொன்னால், இந்தப் பிரிவு நேரடியாகப் பிடிக்காது. ஆனால் அப்படி உண்மையாகவே நடத்தும் ஆலையை எங்கே தேடுவது?

3. சட்டமே பெண்களுக்குத் தடை விதித்த வேலை என்றால் விலக்கு உண்டு. அந்த விலக்கும் சுருங்கிக்கொண்டே வருகிறது. தொழிற்சாலைகளில் பெண்களுக்கு இரவு வேலை கூடாது என்ற விதியைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரிலேயே செல்லாது என்றது. இப்போது பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் பிரிவு 43, எல்லா நிறுவனங்களிலும் எல்லா வேலைகளுக்கும் பெண்களை அமர்த்தலாம் என்கிறது. மாலை 7 மணிக்குப் பிறகும் காலை 6 மணிக்கு முன்பும் வேலை என்றால் அவர்கள் சம்மதமும் பாதுகாப்பு ஏற்பாடும் வேண்டும்.

4. முகவர் எடுத்தார், எங்களுக்குத் தெரியாது என்பதும் நிற்காது. நேரடியாகவோ வேறொருவர் மூலமாகவோ ஆள் அமர்த்துகிறவர் என்றுதான் சட்டம் முதலாளியை வரையறுக்கிறது. ஒப்பந்தக்காரரும் அந்த வரையறைக்குள் வருகிறார்.

நிறுவனங்கள் பக்கத்திலிருந்து அடிக்கடி வரும் விளக்கம் நகை. தாலிச் சங்கிலி, மெட்டி போன்ற உலோகம் மின்னணு உற்பத்திக்கு இடைஞ்சல் என்கிறார்கள். இடைஞ்சல் உண்மையாகவே இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. அப்படியானால் விதி உலோகத்தைப் பற்றி இருக்கட்டும். "இந்தப் பகுதிக்குள் உலோக நகை அணிந்து வரக் கூடாது, கழற்ற முடியாவிட்டால் டேப் ஒட்டி மூட வேண்டும்" என்று எழுதினால் அது மோதிரம் போட்ட ஆணுக்கும் பொருந்தும், கொலுசு போட்ட கல்யாணமாகாத பெண்ணுக்கும் பொருந்தும். மெட்டியைக் கழற்ற வேண்டும் என்று சொன்னால் கழற்றுவாரா மாட்டாரா என்று முடிவு செய்ய வேண்டியது அந்தப் பெண். அவருக்குப் பதிலாக எச்.ஆர். முடிவு செய்து வாசலிலேயே அனுப்புவதுதான் தவறு.

நீதிமன்றங்கள் இதில் எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1981-இல் ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் வழக்கில், முதல் முறை கர்ப்பமானாலே வேலை போய்விடும் என்ற விதியை உச்ச நீதிமன்றம் அடித்து நொறுக்கியது. ஆனால் வேலையில் சேர்ந்து நான்கு ஆண்டுக்குள் கல்யாணம் செய்யக் கூடாது என்ற விதியைச் சரி என்று விட்டுவிட்டது. 2024 பிப்ரவரியில் நிலைமை வேறு. ராணுவச் செவிலியர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டதற்காக 1988-இல் வேலையிலிருந்து விடுவித்திருந்தார்கள். ஆண்களுக்கு அப்படி ஒரு விதி இல்லை. பெண்ணின் திருமணத்தைக் காரணமாக வைத்து வேலையைப் பறிக்கும் விதி அரசமைப்புக்கு முரணானது என்று சொன்ன உச்ச நீதிமன்றம் 60 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. இரண்டு வழக்கிலும் எதிர்த்தரப்பு அரசு சார்ந்த அமைப்பு, அதனால் தனியாருக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் பிரிவு 3-இல் இருக்கும் "பால்" என்ற சொல்லுக்கு நாளை ஒரு நீதிபதி பொருள் சொல்லும்போது 1981-ஐவிட 2024-ஐத்தான் புரட்டுவார்.

நம் வட்டாரத்துக்கு இது புதிதும் அல்ல. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் நூற்பாலைகளில் "சுமங்கலித் திட்டம்" என்ற பெயரில் கல்யாணமாகாத பெண்களை மட்டும் மூன்று ஆண்டுக்கு எடுத்து, விடுதியில் வைத்து, முடிவில் மொத்தத் தொகை தருவதாகச் சொன்ன காலத்தை மறந்துவிட முடியாது.

பிரசவச் செலவு என்ற பயம்

கல்யாணமானவர் வேண்டாம் என்பதற்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது 26 வாரப் பேறுகால விடுப்பு. 2017-இல் 12 வாரம் 26 ஆனதிலிருந்து இந்தப் பயம் கூடியிருக்கிறது. ஆனால் கணக்கைச் சரியாகப் போட்டவர்கள் குறைவு. மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) வரம்புக்குள் வருவார். அவருடைய பேறுகால ஊதியத்தை இ.எஸ்.ஐ. கழகம் கொடுக்கும், நிறுவனம் கொடுக்க வேண்டியதில்லை. அந்த வரம்புக்குள் வரும் எல்லாப் பணியாளர்களுக்கும் நிறுவனம் கட்டுவது ஊதியத்தில் 3.25 சதவீதம், ஆணானாலும் பெண்ணானாலும், கல்யாணம் ஆனாலும் ஆகாவிட்டாலும் அதே சதவீதம். ஆகவே உற்பத்திப் பிரிவில் ஒரு பெண் கர்ப்பமானால் நிறுவனத்துக்கு ஏற்படுவது மாற்று ஆள் தேடும் வேலை மட்டுமே. 21,000-க்கு மேல் வாங்குபவர்களுக்குத்தான் நிறுவனம் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும்.

அப்புறம், ஒப்பந்த ஊழியருக்குக் காலம் முடிந்தால் பேறுகாலப் பயனும் முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு 2023-இல் உச்ச நீதிமன்றம் பதில் சொல்லியிருக்கிறது. உரிமை ஏற்பட்ட பிறகு ஒப்பந்தம் நடுவில் முடிந்தாலும் முழுப் பயனையும் கொடுக்க வேண்டும்.

நேர்காணல் படிவத்தில் "குழந்தைகள் எத்தனை", "கர்ப்பமாக இருக்கிறீர்களா" என்று இன்னும் அச்சடித்து வைத்திருப்பவர்கள் 1991-இல் வந்த எல்.ஐ.சி. வழக்கைப் படிக்க வேண்டும். மாதவிடாய் தேதி, முந்தைய கர்ப்பங்கள் பற்றியெல்லாம் எழுதச் சொன்ன உறுதிமொழிப் படிவத்தில் தவறான தகவல் கொடுத்தார் என்று பயிற்சிக் காலத்தில் இருந்த ஒரு பெண்ணை நீக்கினார்கள். உச்ச நீதிமன்றம் அவரைத் திரும்ப வேலையில் சேர்த்தது, அந்தக் கேள்விகளையும் எடுக்கச் சொன்னது.

மாற்றுத்திறனாளிகள்: இருபது பேர் இருந்தாலே பொறுப்பு உண்டு

தனியார் நிறுவனங்கள் மிக அதிகமாகக் கோட்டைவிடும் இடம் இது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதில் இருக்கும் 4 சதவீத இட ஒதுக்கீடு அரசுக்குத்தான், தனியாருக்கு இல்லை. அதனால் சட்டமே தங்களுக்கு இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் பிரிவு 21 எல்லா நிறுவனங்களுக்கும் சம வாய்ப்புக் கொள்கை வேண்டும் என்கிறது. இருபது பேரோ அதற்கு மேலோ உள்ள தனியார் நிறுவனம் என்றால் விதிகள் விரிவாகவே கேட்கின்றன: எந்தெந்தப் பணியிடங்கள் பொருத்தமானவை, தேர்வு முறை, பயிற்சி, பதவி உயர்வு, என்னென்ன வசதிகள், யார் தொடர்பு அலுவலர். அதன் நகலை மாநில ஆணையரிடம் பதிவு செய்யவும் வேண்டும். மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை, அதற்குப் பிறகு 50,000 முதல் 5 லட்சம் வரை அபராதம்.

இந்தச் சட்டத்தின் உயிர் "நியாயமான ஏற்பாடு" என்ற கருத்தில் இருக்கிறது. நிறுவனத்துக்குத் தாங்க முடியாத சுமை ஆகாத அளவில், அந்த மனிதர் மற்றவர்களைப் போல வேலை பார்க்கத் தேவையான மாற்றத்தைச் செய்து கொடுப்பது. அதை மறுப்பதே பாகுபாடு என்று சட்டத்தின் வரையறை சொல்கிறது. 2021-இல் எழுதுவதில் சிரமமுள்ள ஒரு தேர்வருக்கு உதவியாளர் கேட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது: ஒவ்வொருவருக்கும் என்ன தேவை என்று அவரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

இதற்குப் பெரிய செலவு ஆகும் என்று பயப்பட வேண்டாம். விரல்ரேகை வருகைப் பதிவு இயந்திரத்தை நிற்கிற ஆளின் மார்பு உயரத்தில் ஆணி அடித்து மாட்டியிருப்பார்கள். சக்கர நாற்காலியில் வருபவர் தினமும் காலையில் யாரையாவது கூப்பிட்டுக் கெஞ்ச வேண்டும். அதை ஒன்றரை அடி இறக்கி மாட்ட ஒரு துளைக்கருவியும் கால் மணி நேரமும் போதும். காது கேளாதவர் நிற்கும் இயந்திரத்தில், சைரன் அடிக்கும்போது கூடவே எரிகிற ஒரு சிவப்பு விளக்கு. சட்டம் கேட்கும் ஏற்பாடுகளில் நிறைய இந்த அளவுதான்.

திருநர், எச்.ஐ.வி. உள்ளவர்கள்

2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், எந்த நிறுவனமும் வேலை, சேர்ப்பு, பதவி உயர்வு ஆகியவற்றில் திருநரிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது, புகார் அலுவலர் ஒருவரை நியமிக்கச் சொல்கிறது. தனியாரும் இதில் அடக்கம். ஆனால் தண்டனைப் பிரிவில் வேலைப் பாகுபாடு தனிக் குற்றமாக எழுதப்படவில்லை. இந்த ஓட்டையால்தான் சட்டம் இத்தனை ஆண்டு தாளில் கிடந்தது. 2025 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு ஒரு முக்கியத் தீர்ப்பைக் கொடுத்தது. இரண்டு தனியார் பள்ளிகளில் அடுத்தடுத்து வேலை இழந்த திருநங்கை ஆசிரியை ஒருவர் தொடுத்த வழக்கு அது. அவருக்கு இழப்பீடு விதித்ததோடு, சட்டத்தை நடைமுறைப்படுத்தாமல் விட்ட அரசுகளையும் கண்டித்து, ஓய்வு பெற்ற நீதிபதி ஆஷா மேனன் தலைமையில் சம வாய்ப்புக் கொள்கை வகுக்கக் குழுவும் அமைத்தது. நிறுவனங்கள் இதை முன்னெச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

எச்.ஐ.வி. சட்டம் 2018 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. வேலை கொடுக்க எச்.ஐ.வி. பரிசோதனையை நிபந்தனையாக வைக்கக் கூடாது, தொற்று இருக்கிறது என்பதற்காக நீக்கவும் கூடாது. நூறு பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் (மருத்துவமனை என்றால் இருபது) புகார் அலுவலர் வேண்டும். பல இடங்களில் தவறு தெரியாமலே நடக்கிறது: வேலையில் சேருமுன் செய்யும் மருத்துவப் பரிசோதனைப் பட்டியலை ஆய்வகமே தயாரித்துக் கொடுக்கும், அதில் எச்.ஐ.வி.யும் ஒரு வரியாக இருக்கும், யாரும் கவனிப்பதில்லை. அந்தப் பட்டியலை எடுத்து ஒருமுறை பாருங்கள்.

சாதி, மதம், வயது: சட்டம் மௌனமாகும் இடம்

தனியார் வேலையில் மதத்தின் பேரிலோ வயதின் பேரிலோ ஒதுக்கினால் நேராகக் கேட்க மத்தியச் சட்டம் இல்லை. சாதிக்கு இருப்பது குற்றவியல் சட்டம். 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமையின் பேரில் ஒருவர் வேலை பார்ப்பதைத் தடுப்பது குற்றம் என்கிறது. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் தொழில் செய்வதை, வேலை பார்ப்பதைத் தடுப்பதற்கு எதிரான பிரிவு உண்டு. ஆனால் குற்றத்தைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். நேர்காணலில் நடப்பதை அப்படி எப்படி நிரூபிப்பது?

"உங்க சாதி என்ன" என்று யாரும் கேட்பதில்லை. "நீங்க எந்த ஊரு?" என்பார்கள். ஊரைச் சொன்னதும், "ஊருக்குள்ள எந்தப் பக்கம்?" அடுத்து, "அப்பா என்ன பண்றாரு?" கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும், இது எதற்கான கேள்வி என்று. சுக்தேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை உயர்சாதி, தலித், முஸ்லிம் பெயர்களில் தனியார் விளம்பரங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். தலித், முஸ்லிம் பெயர்களுக்கு அழைப்பு குறைவாக வந்தது. பெயரைப் பார்த்தே கதவு மூடுகிறது என்று தெரிந்த பிறகும் இதற்கு ஒரு பொதுச் சட்டம் இல்லாமல் இருப்பது நம் நாடாளுமன்றத்தின் பெரிய தவறு என்றே நினைக்கிறேன்.

நிறுவனங்கள் இப்போது எதைத் திருத்த வேண்டும்?

வழக்கு என்று வந்தால் பேசுவது காகிதம்தான். அதனால் காகிதத்திலிருந்து தொடங்கலாம்.

1. ஊதியப் பதிவேட்டை எடுத்து, பதவிப் பெயரை மறைத்துவிட்டு, செய்கிற வேலையை மட்டும் எழுதிப் பாருங்கள். "செக்கிங்" பெண்ணும் "குவாலிட்டி" ஆணும் ஒரே மேசையில் ஒரே துணியைப் புரட்டிக்கொண்டிருந்தால் சம்பளம் ஏன் வேறு என்பதற்குக் காரணம் வேண்டும்.

2. நேர்காணல் படிவத்தில் திருமணம், குழந்தை, மதம், சாதி ஆகிய கட்டங்களை அடித்துவிடுங்கள். இ.எஸ்.ஐ., பி.எஃப். வேலைகளுக்குக் குடும்ப விவரம் தேவை என்றால், வேலை உறுதியான பிறகு வேறு தாளில் வாங்கிக்கொள்ளலாம்.

3. ஒருவரை எடுக்காததற்குக் காரணத்தை அன்றே, வேலையோடு சம்பந்தப்பட்ட சொற்களில், ஒரு வரி எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து யோசித்துச் சொல்லும் காரணத்தை யாரும் நம்பமாட்டார்கள்.

4. பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான உள்குழு கட்டாயம். 2025 ஜூலையிலிருந்து கம்பெனிகள் ஆண்டறிக்கையில் எத்தனை புகார் வந்தது, எத்தனை தீர்ந்தது, 90 நாளுக்கு மேல் நிலுவை எத்தனை என்று காட்ட வேண்டும். பேறுகாலச் சட்டத்தைப் பின்பற்றியதாகவும் சொல்ல வேண்டும்.

5. ஆள் சேர்க்கும் முகவரோடு போடும் ஒப்பந்தத்தில், உங்கள் அனுமதியில்லாமல் ஒரு விளம்பரமும் வெளியாகக் கூடாது என்று எழுதுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போடும் நாலு வரியும் விளம்பரம்தான்.

அந்த நாலு வரியை இப்படி எழுதலாம்: "மின்னணு உற்பத்திப் பிரிவுக்கு ஆட்கள் தேவை. 12-ஆம் வகுப்பு அல்லது ஐ.டி.ஐ. மூன்று ஷிப்டு, இரவு ஷிப்டுக்கு வாகனம் உண்டு. பணியிடத்தில் உலோக நகை அணியக் கூடாது. 18 வயது நிறைந்த எவரும் வரலாம்."